வயர் வழியே வந்தவன்

செல்வலட்சுமியின் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதாக அவள் அம்மா தங்கத்தாய் முடிவே கட்டிவிட்டாள். பின்னே என்ன? யாரும் தொடாமலே சிடி தட்டு நாக்கை நீட்டுகிறது, நீட்டிய வேகத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மவுஸ் மேஜைமேல் சிவனே என்று கிடக்க, திரையில் அம்புக்குறி தன்பாட்டுக்கு ஊர்வலம் போகிறது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட முடிக்காணிக்கை பாக்கி நிற்பதால்தான் இதெல்லாம் என்று தங்கத்தாய் சொன்னாள். மாரியம்மனுக்கு வேறு வேலை இல்லையா, சிடி தட்டை இழுத்து விளையாடுவதற்கு என்று மகள் கேட்டாள். அதற்கு ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டை ஒட்டிய ஊர். அப்பா இல்லை. அண்ணன் அன்பரசன் துபாயில். தங்கத்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய இறக்கிவிடும். கூலிக்குக் களை எடுத்த குடும்பம், தங்கத்தாய் தலைமுறையில்தான் பட்டாசுக்கு மாறியது. அடுத்த தலைமுறையில் செல்வலட்சுமி கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டாள். சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிசைன் போட்டுக் கொடுப்பாள். சீசனுக்கு முன்னால் வெடிப்பெட்டி லேபிள், சீசன் முடியும் தறுவாயில் தினசரி காலண்டர். பிள்ளையார் முதல் பெரிய நடிகர்கள் வரைக்கும் அவள் கைபட்டுத்தான் ஊர்ச் சுவர்களில் தொங்கினார்கள். அந்த வேலைமேல் அவளுக்கு அம்புட்டு கர்வம். இருக்கட்டுமே, உழைத்தவளுக்கு இல்லாத கர்வம் யாருக்கு?

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவன் சுந்தரபாண்டி. விருதுநகரில் கடை. பிராட்பேண்டு வந்த புதிதில் அதையும் அவனே இழுத்து இணைத்துக் கொடுத்தான். அம்மா முகத்தை அண்ணன் பார்க்கட்டும் என்று திரைக்கு மேலே ஒரு கேமராவையும் உட்கார வைத்தான். செல்வலட்சுமியைத் தங்கச்சி என்பான், தங்கத்தாயைச் சித்தி என்பான். சித்தி கையால் காப்பி வாங்கிக் குடிக்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

"வைரஸு தங்கச்சி. நீங்க கண்டதையும் டவுன்லோடு பண்ணுறீக. நான் பாத்துக்கிடுறேன்" என்று ஒவ்வொரு தடவையும் வந்து எதையோ தட்டிவிட்டுப் போவான். அவன் வந்துபோன நாலு நாளைக்குப் பெட்டி ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதைதான். அவள் எதுவுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மோடத்தின் விளக்கு மூச்சுவிடாமல் துடிக்கும். கேட்டால், அது அப்படித்தான் என்பான். விவரம் தெரிந்தவன் அப்படித்தான் என்று சொன்னால் தெரியாதவர்கள் தலையாட்ட வேண்டியதுதானே. அவளும் ஆட்டினாள்.

ஐப்பசி பிறந்த கையோடு ஆயுத பூஜை வந்தது. வீட்டிலுள்ள சாமான் ஒன்றையும் தங்கத்தாய் விடவில்லை. அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டரில் மாரியம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிற பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? திரைக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று. கடைசியாக, மேலே முழித்துக்கொண்டிருந்த கேமராவையும் பார்த்தாள். பாவம், அதற்கு மட்டும் எதற்குக் குறை என்று அதன் கண்ணாடிக் கண் மறைய நல்ல தடிமனாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினாள்.

"எம்மா, அது கண்ணும்மா!"

"கண்ணுக்கு மேலதான பொட்டு வைப்பாக? சாமிக்கு வச்சத தொடைக்கப்படாது. அதுவா உதிந்து விழுந்தா விழட்டும். கைய வச்ச, பாத்துக்க."

செல்வலட்சுமி சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த வாரம் அண்ணனுக்கும் கூடுதல் ஷிப்ட். கேமராவுக்கு வேலையே வரவில்லை. அவளுக்கும் காலண்டர் ஆர்டர் தலைக்குமேல் கிடந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் சுந்தரபாண்டியிடமிருந்து போன். நெட் வேகமாக வருகிறதா, பில்லை ஒழுங்காகக் கட்டினாளா என்று ஊர்க்கதை பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் சொன்னான்: "ஆங், தங்கச்சி, அந்தக் கேமராவத் தொடச்சி விட்ரு. சித்தி சந்தனத்த அப்பி வச்சிருக்காகள்ல, காஞ்சா லென்ஸுல கோடு விழுந்துரும்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். அம்மா திட்டுவாளே என்று ஒரு நொடி தயங்கியபோதுதான் உறைத்தது. இவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் இந்தப் பக்கம் வந்து மாதம் ஒன்றாகிறது. துபாயிலிருக்கும் அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவன் கூப்பிட்டபோது சுற்றிவளைத்துக் கேட்டாள். "ஆயுத பூஜைக்கப்புறம் நாம கேமராவுல பேசவே இல்லயே பிள்ள" என்றான். சாயங்காலம் அம்மாவிடம், சுந்தரண்ணனை எங்கேயாவது பார்த்தியா என்றாள். "நான் எங்கன போயி அவனப் பாக்க? கம்பெனில மூச்சுவிட நேரமில்ல" என்றாள் தங்கத்தாய். அப்படியானால் அம்மாவின் கட்டைவிரல் சந்தனத்தோடு கேமராவை நெருங்கியதைப் பார்த்தது யார்? ஒரே ஒருத்தன். அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒரு வாரமாகக் கண் தெரியாமல் தவித்திருக்கிறான். பொறுமை தாங்காமல் வாயைவிட்டுவிட்டான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது கோபம். அடிவயிற்றிலிருந்து வந்தது. அவன் காப்பி குடித்த டம்ளர் ஞாபகம் வந்து வந்து எரிச்சல் கூடியது.

முதல் காரியமாக மோடத்தின் வயரைப் பிடுங்கினாள். திருடன் வருகிற வாசலை அடைத்துவிட்டு அல்லவா வீட்டைத் தேட வேண்டும்? மறுநாள் காலண்டர் டிசைன் கொடுக்கச் சிவகாசி போனவள், அச்சகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாள். சிடி தட்டு தானாகத் திறக்கிறது, அம்புக்குறி நகர்கிறது என்று தட்டித் தேடினால், அதே அவஸ்தையை அனுபவித்தவர்கள் ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தார்கள். தூரத்தில் இருப்பவன் உன் கம்ப்யூட்டரைத் தன் மடியில் வைத்திருப்பதுபோல் ஓட்டலாம், நீ தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம், கேமராவைத் திறந்து பார்க்கலாம், அப்படி ஒரு புரோகிராம் இருக்கிறது என்று தெரிந்தது. மெயில் பாஸ்வேர்டை அங்கேயே மாற்றினாள். வைரஸ் தேடுகிற சாமான் ஒன்றைச் சிடியில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்தாள். விண்டோஸுக்குச் சொந்தமான ஒரே பெயரில் நாலைந்து ஓடிக்கொண்டிருந்தன. அது வழக்கம்தான். ஆனால் மற்றதெல்லாம் சிஸ்டத்தின் கணக்கில் ஓட, ஒன்று மட்டும் செல்வலட்சுமி என்று அவள் கணக்கில் ஓடியது. அவள் பெயரைப் போட்டுக்கொண்டு அவளையே வேவு பார்த்திருக்கிறது. நிறுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடியும் நிறுத்தினாள், மறுபடியும் வந்தது. "வெக்கங்கெட்ட நாயே" என்று வாய்விட்டே திட்டினாள்.

கம்ப்யூட்டரை அணைத்து, சேஃப் மோடில் எழுப்பினாள். அந்த மோடில் அவசியமானது மட்டும்தான் எழும். ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் தூங்கும். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே எழுப்ப வேண்டியவை என்று ஒரு வரிசை இருக்கும், அதில் அவன் எழுதி வைத்திருந்ததை நீக்கினாள். மறைந்து கிடக்கிற ஃபைல்களையும் காட்டு என்று கட்டளை கொடுத்துத் தேடியபோது, எழுத்துருக்கள் கிடக்கிற இடத்தில், டிசைன் போடுகிறவள் தினமும் புழங்குகிற அந்த இடத்திலேயே, பதுங்கியிருந்தது. அவன் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸில் பார்த்தால், அந்த ஃபைலை மட்டும் சோதிக்காதே என்று டிக் அடித்து வைத்திருந்தான். காவல்காரனுக்கே லஞ்சம்!

அழிப்பதற்கு முன்னால் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தாள். பூச்சி பூச்சியாக எழுத்து ஓடியது. நடுவில் வாசிக்கிறபடி ஒரே ஒரு வரி. பார்த்ததையெல்லாம் எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்ற விலாசம். அவன் கடைப் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கிற அதே பெயர். எவ்வளவு தைரியம் என்றால், இந்த வீட்டில் இருப்பவர்கள் ஒருநாளும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். அந்தத் தைரியம்தான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. ஃபைலைச் சிடியில் எழுதி எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அழித்தாள். வெளியாளை மறிக்கிற ஃபயர்வாலில் அவன் திறந்து வைத்திருந்த ஓட்டையை அடைத்தாள். வாங்கி வந்த சாமானைக் கொண்டு மூலைமுடுக்கெல்லாம் துழாவினாள். வயரைத் திரும்பச் செருகினாள். மோடம் விளக்கு அமைதியாக எரிந்தது.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நாற்காலியில் சாய்ந்தபோதுதான் எதிரே இருந்த துணிக்கொடியைப் பார்த்தாள்.

இரண்டே அறை உள்ள வீடு. முன்னறை, அதைத் தாண்டி அடுப்படி. குளிக்கிற இடம் அடுப்படியையும் தாண்டிக் கொல்லையில். பட்டாசுக்குப் போகிறவர்கள் வெடிமருந்து படிந்த சேலையோடு அடுப்புப் பக்கம் போக மாட்டார்கள். ஒரு பொறி போதும். அதனால் வேலைவிட்டு வந்ததும் தங்கத்தாய் வாசல் கதவைச் சாத்திவிட்டு முன்னறையிலேயே சேலையை அவிழ்ப்பாள். தினமும். கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே. செல்வலட்சுமி நைட்டியிலும் சுடிதாரிலும் உட்கார்ந்து வேலை செய்ததைத்தான் அவன் பார்த்திருப்பான் என்று இதுவரை கொதித்துக்கொண்டிருந்தாள். இப்போது புரிந்தது, அம்மாவையும் பார்த்திருக்கிறான். சித்தி, சித்தி என்று கூப்பிட்ட வாய்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய வேலையைச் சுந்தரபாண்டியே எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, பொழுது சாய்கிற நேரத்தில் வண்டியை வாசலில் நிறுத்தினான்.

"என்ன தங்கச்சி, நெட்டு வரலயா?"

அவள் வாசற்படியை மறித்து நின்றாள். "வருதுண்ணே. ஒங்களுக்குத்தான் வரல."

அவன் முகத்தில் ஒரு நொடி ஈயாடவில்லை. பிறகு சிரித்தான். "என்ன சொல்றன்னே வெளங்கல. தள்ளு, பாக்கேன்."

"எந்த ஃபைலு, எங்கன ஒளிச்சு வச்சீக, எங்க போயிச் சேருது, அம்புட்டும் பாத்தாச்சு. சிடில எடுத்தும் வச்சாச்சு. வீட்டுக்குள்ள கால வச்சீக, தெருவக் கூட்டிருவேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கூட்டு பிள்ள. தாராளமாக் கூட்டு. எங்கிட்ட என்னென்ன படம் இருக்குன்னு ஒனக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு பய ஒன்னயக் கெட்டுவானா? ஒன் ஆத்தா சேல மாத்துறத ஊரே பாத்தா ஒங்க அண்ணன் துபாயில இருந்து எறங்குவானா? கம்முன்னு இருந்தா நானும் கம்முன்னு இருப்பேன்."

பேசி முடித்துத் திரும்பியவன் அப்படியே நின்றான். வண்டிக்குப் பின்னால் தூக்குவாளியோடு தங்கத்தாய். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கேட்டது போதும் என்று முகம் சொன்னது. அவன் வண்டியை உதைத்துக் கிளம்பிய வேகத்தில் செருப்பு ஒன்று தெருவில் விழுந்தது, எடுக்கக்கூட நிற்கவில்லை.

உள்ளே வந்து தங்கத்தாய் சுவரோரம் உட்கார்ந்தாள். "என்னயவா பாத்தான்?" என்றாள்.

"ஆமாம்மா."

"எம்புட்டு நாளா?"

"தெரியலம்மா. கேமரா போட்டதுல இருந்து இருக்கும்."

தங்கத்தாய் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அடுப்புப் பற்ற வைக்கவில்லை, சேலை மாற்றவில்லை, மருந்துக் கையைக்கூடக் கழுவாமல் வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு கம்ப்யூட்டர் போய்விடும், வேலை போய்விடும், காலையில் கம்பெனி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு சீட் என்று செல்வலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

அண்ணனிடம் சொன்னார்கள். அவன் போனில் குதித்தான். "மொதல்ல அந்தப் பொட்டிய வித்துத் தொலைங்க. வெளிய மூச்சு விட்றாதீக. மானம் போயிரும்."

செல்வலட்சுமி வாயைத் திறப்பதற்குள் தங்கத்தாய் போனைப் பிடுங்கினாள். "ஏலே அன்பு, யாரு மானம்லே போகும்? பாத்த பய கடையத் தெறந்து வச்சு ஏவாரம் பண்ணுதான். பாக்கப்பட்டவ கடையச் சாத்தணுமாக்கும்? எம்பிள்ள இதுல சோறு திங்கா. விக்கிற பேச்ச எடுத்த, போன வச்சிருவேன்."

வைத்தும்விட்டாள். பிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே நின்று, தினமும் அவிழ்க்கிற அதே இடத்தில், மருந்துச் சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். "எம்வீட்டுல நான் எதுக்குட்டி ஒளியணும்?" என்றாள். அப்போதுதான் செல்வலட்சுமிக்கு அழுகை வந்தது.

உள்ளூரில் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். நாலு பேர் வந்து உட்கார்ந்து, நம்ம பய, பேசி முடிச்சுக்கிடுவோம் என்பார்கள். அதனால் திங்கட்கிழமை மனு நாளன்று சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸுக்கே போனார்கள். சீசன் நேரத்தில் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் முறைத்தான். தங்கத்தாயும் முறைத்தாள், அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஆபீஸ் வாசலில் நல்ல கூட்டம். பட்டா, பென்ஷன், குடிதண்ணீர் என்று ஆளுக்கொரு குறை. செல்வலட்சுமி மனுவில், 'எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறான செயல்' என்று பட்டும் படாமலும் எழுதி வைத்திருந்தாள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் மல்லாங்கிணறு ஊர்ப் பெண் ஒருத்தி நின்றாள், அழகுமீனா என்று பெயர். தோட்டம் துரவு உள்ள வீடு என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிணற்றுக்குக் கரண்டு கேட்டு வந்திருந்தாள். தங்கத்தாயின் மருந்தேறிய விரல்களைப் பார்த்ததிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள். பேச்சுத் துணைக்கு மட்டும் திரும்பி, "ஒங்களுக்கு என்ன மனு?" என்றாள்.

சும்மா ஒரு மனு என்று செல்வலட்சுமி சொல்ல வாயெடுத்தாள். தங்கத்தாய் முந்திக்கொண்டாள். மெதுவாகக்கூடப் பேசவில்லை.

"நான் சேல மாத்துறத ஒரு பய கம்ப்யூட்டர் வழியாப் பாத்திருக்கான் தாயி. விருதுநகருல கட வச்சிருக்கான், சுந்தரபாண்டின்னு பேரு. வெளிய சொன்னா படத்த ஊருக்குக் காட்டுவேங்கான். அவன் காட்டுறதுக்கு முன்னால நானே சொல்லிட்டுப் போறேன்னு வந்தேன்."

பென்ஷன் மனுவோடு நின்ற கிழவர் துண்டை உதறி வேறுபக்கம் பார்த்தார். செல்வலட்சுமிக்குக் காது சூடேறியது. இருந்தாலும் தலையைக் குனியவில்லை. அம்மா நிமிர்ந்து நிற்கும்போது மகள் குனிவாளா?

அழகுமீனா மட்டும் அசையாமல் நின்றாள். மஞ்சள் பூசிய முகம் வெளுத்துப்போனது. "எந்தச் சுந்தரபாண்டி?" என்றாள். செல்வலட்சுமி கடை இருக்கிற தெருவைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கும் அவந்தான் கம்ப்யூட்டரு போட்டுக் குடுத்தான்." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எம்மக படிக்கிற ரூமுல. கதவச் சாத்திக்கிட்டுப் படி தாயி, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாகன்னு நாந்தான்..." தள்ளி நின்ற அந்த ஓரடியைத் தாண்டி வந்து தங்கத்தாயின் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டு ஆம்பளைக்குத் தெரிஞ்சா பிள்ள படிப்ப நிறுத்திருவாகக்கா. பேரு வெளிய வந்தா எம்மக என்னத்துக்கு ஆவா?"

"ஒம்மக என்ன செஞ்சா? படிச்சா. நான் என்ன செஞ்சேன்? வேலைக்குப் போயிட்டு வந்து சேல மாத்துனேன்" என்றாள் தங்கத்தாய். "வெக்கப்பட வேண்டியவன் வெள்ளச் சட்ட போட்டுக் கல்லாவுல ஒக்காந்திருக்கான். ஒம்மக பேரு வேண்டாம். ஒம்பேரக் குடு. ஆத்தான்னு நாம எதுக்கு இருக்கோம்?"

செல்வலட்சுமி பட்டும் படாமலும் எழுதிய மனுவை நாலாகக் கிழித்தாள். வேறொரு தாளை எடுத்து, சுவரில் வைத்து, நடந்ததை நடந்தபடியே எழுதினாள். கீழே முதல் பெயராகத் தங்கத்தாய் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். கிணற்றுக் கரண்டு மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அழகுமீனா பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"குடு தாயி. எம்பேர நானே எழுதுதேன்."